கொல்லை அடுப்பும் நீலச் சிலிண்டரும்



காரைக்காலில் கூட்டுக் குடும்பமாக வாழும் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு அடுப்புகள் இருக்கும். ஒன்று சமையலறையில், அன்றாடத்திற்கு. மற்றொன்று கொல்லையில். பெருநாள், அகீகா, நிக்காஹ், மவ்லிது, வெளிநாட்டிலிருந்து மக்கள் விடுமுறையில் வந்திறங்கும் நாள் ஆகியவற்றுக்கெல்லாம் அந்த இரண்டாவது அடுப்பே எரியும். எங்கள் வீட்டுக் கொல்லையில் அது மூன்று கற்களாக இருந்தது. சவுக்கு விறகும் தென்னை மட்டையும் எரித்து, நாற்பது பேருக்கு நெய்ச்சோறும் தாளிச்சாவும் ஆக்குவோம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது கொல்லையில் விழுந்த பூவரசும் முருங்கையும் இரண்டு பெருநாள்களுக்கு எரிந்தன. அதன் பிறகு விறகைக் காசு கொடுத்தே வாங்க வேண்டியதாயிற்று.

அந்த மூன்று கற்களின் இடத்தில் இப்போது மூன்று கால் இரும்புச் சட்டத்தில் அமைந்த பெரிய கேஸ் பர்னர் நிற்கிறது. இதில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் எண்ணலாம். ஆனால் அடுப்பை மாற்றும்போது வீட்டுக்குள் எழுந்த கேள்விகள் ஒவ்வொன்றும் மார்க்கத்தின் வாசலில் வந்து நின்றன. அக்கம்பக்கத்தாரின் உரிமை, பெண்களின் உழைப்பு, வீண்விரயம், ஒப்பந்தத்தைக் காத்தல் என்று அவை நீண்டன. மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் பாடங்கள் கொல்லையில் சோதிக்கப்படுவது எங்களுக்குப் புதிதன்று. இம்முறை சற்று அதிகமாகவே சோதிக்கப்பட்டன.

முதலில் புகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் தொடங்கும் சமையல் லுஹர் வரை நீளும். பர்தாவோடு கொல்லைக் கதவோரம் குந்தியிருந்து ஊதுகுழலால் ஊதி, கண் சிவந்து, இருமலோடு தொழுகைக்கு எழும் பெண்களைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். அது பெருநாளின் ஓர் அங்கம் என்றே எண்ணியிருந்தோம். வீட்டுச் சமையல் எரிபொருள்களின் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கைப் படித்த பிறகும் விறகை விடச் சம்மதிக்காதவர் எங்கள் உம்மா. "விறகுச் சோறுதான் சோறு, கேஸில் ஆக்கினால் ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கும்" என்பது அவர்களின் தீர்ப்பு.

உம்மாவின் சொல்லில் ருசியைப் பற்றிய உண்மை ஒன்று உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பிரியாணியைத் தம் போடும்போது விறகடுப்பில் கீழே தணலைப் பரத்திவிட்டு, தேக்சாவின் மூடி மேலும் தணலை அள்ளிப் போடுவார்கள். சூடு மேலிருந்தும் கீழிருந்தும் மெல்ல இறங்கும். பெரிய பர்னரோ எவ்வளவு தணித்தாலும் ஓரிடத்தில் குத்தி எரியும், அடி பிடித்துவிடும். பண்டாரி ஒருவர் இதற்கு வழி சொன்னார். தேக்சாவுக்கும் பர்னருக்கும் நடுவே கனத்த இரும்புத் தட்டு ஒன்றை வைக்க வேண்டும். மூடிமேல் கொட்டாங்கச்சிக் கரியைக் கனலாக்கிப் பரப்ப வேண்டும். இதைச் செய்தோம். உம்மா ருசி பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சம்மதம்.

ஆனால் உம்மாவை மாற்றியது ருசியன்று, அடுத்த வீடு. அவ்வீட்டில் மூச்சிரைப்பு உள்ள ஒரு பெரியவர் இருக்கிறார். கடற்காற்று கிளம்பினால் எங்கள் கொல்லைப் புகை முழுவதும் அவர்கள் முற்றத்தில்தான் இறங்கும். அவர்கள் ஒருமுறையும் முறையிட்டதில்லை. பெருநாளன்று ஜன்னல்களைச் சாத்திக்கொள்வார்கள், அவ்வளவுதான். அண்டை வீட்டார் பற்றிய பாடத்தில், சட்டியின் வாசனையால் அவரைத் துன்புறுத்தாதே என்று ஓர் அறிவிப்பு பயான்களில் அடிக்கடி சொல்லப்படும். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலையினர் கூறியிருப்பதால் அதை ஆதாரமாக வைப்பதில்லை. அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் வலுவாகவே இருக்கிறது. குழம்பு காய்ச்சினால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளும்படி அது ஏவுகிறது. குழம்பில் பங்கு கொடுக்கச் சொன்ன மார்க்கம் புகையில் பங்கு கொடுக்கச் சொல்லவில்லை என்று உம்மாவிடம் சொன்னோம். அடுத்த வாரமே மூன்று கற்களையும் மதிலோரம் நகர்த்தச் சொல்லிவிட்டார்கள்.

இனி, நெருப்பையே எடுத்துக்கொள்வோம். யாஸீன் சூராவின் 80ஆம் வசனம் பசுமரத்திலிருந்து நெருப்பைத் தருபவனை நினைவூட்டுகிறது. வாகிஆ சூரா, நீங்கள் மூட்டும் நெருப்பின் மரத்தை முளைக்கச் செய்தது யார் என்று கேட்கிறது. கேஸுக்கு மரம் ஏது என்று ஒரு மாணவன் வகுப்பில் கேட்டான். நல்ல கேள்வி. நாம் எரிக்கும் இந்த எரிவாயு புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இயற்கை எரிவாயுவிலிருந்தும் கச்சா எண்ணெயிலிருந்தும் பிரித்தெடுக்கப்படுவது. அவையோ பல கோடி ஆண்டுகளுக்கு முன் புதையுண்ட உயிர்களின் எச்சம். தொலைவில் தேட வேண்டியதில்லை. ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகைப் பிரிவு நம் காரைக்காலில் நிரவியில்தான் இருக்கிறது. பக்கத்து நரிமணத்தில் எண்ணெய்க் கிணறுகள் உள்ளன. மண்ணுக்குள் சேமித்து வைக்கப்பட்ட மரம் என்று சொன்னோம். மாணவன் திருப்தியடைந்தானோ என்னவோ, நரிமணம் தன் பாட்டியின் ஊர் என்று பெருமையாகச் சொன்னான்.

அடுப்பு வாங்கியதும் முளைத்ததுதான் உண்மையான சிக்கல்: எந்தச் சிலிண்டர்?

வீட்டுக்கு வரும் சிவப்புச் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. கடைகளுக்கும் விருந்துக்கூடங்களுக்கும் வருவது 19 கிலோ, பெரும்பாலும் நீல நிறம். கிலோ கணக்கில் பார்த்தாலும் நீலத்தின் விலை கூடுதல். வரியும் அப்படியே: வீட்டுச் சிலிண்டருக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி., வணிகச் சிலிண்டருக்கு 18. ஏழை எளியோரும் விறகை விட்டு வெளியே வர வேண்டும் என்பதற்காகவே சிவப்பின் விலை தாழ்த்தி வைக்கப்படுகிறது. வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதை 2000ஆம் ஆண்டின் எரிவாயு வழங்கல் ஆணை தடை செய்கிறது.

நம் தெருக்களில் நடப்பது எல்லோரும் அறிந்தது. உறவினர் ஒருவர், "ரெண்டு சிவப்பு எடுத்துத் தர்றேன், மேலே ஹை பிரஷர் ரெகுலேட்டர் போட்டுக்கலாம், எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்றார். உதவும் எண்ணத்தில்தான் சொன்னார். நாங்கள் சமைப்பது சொந்தக் குடும்பத்துக்கு, விற்பனைக்கன்று. ஆகவே தொழில் என்ற தடை எங்களைத் தொடாது என்று வாதிடவும் இடமிருந்தது. ஆனால் எங்கள் தம்பி, உறவுகளின் அகீகாவுக்குக் கூலி பேசி ஆக்கிக் கொடுப்பவர். அதே பர்னர், அதே கொல்லை. ஒருநாள் குடும்பச் சமையல், மறுநாள் கூலிச் சமையல். கோடு எங்கே விழுகிறது?

சிவப்பின் வால்வோடு இணைக்கும் வீட்டு ரெகுலேட்டர் அழுத்தத்தைக் குறைத்து, வீட்டடுப்புக்குத் தக்க அளவில் மட்டுமே வாயுவை விடும். அதைக் கழற்றிவிட்டு அழுத்தம் கூடிய வேறொன்றைப் பொருத்துவது அந்த இணைப்பு எதற்காகத் தரப்பட்டதோ அதற்கு மாறானது. இணைப்பு வாங்கும்போது நிபந்தனைத் தாளில் கையொப்பம் இடுகிறோம். முஸ்லிம்கள் தம் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்னும் நபிமொழியைத் திர்மிதியிலிருந்து வகுப்பில் ஓதிக்கொடுத்துவிட்டு, கொல்லையில் அதைத் தளர்த்துவதற்கு எங்களிடம் ஃபத்வா இல்லை.

"அப்படிச் சமைத்த பிரியாணி ஹராமா, உஸ்தாத்?" என்று பெரிய பிள்ளைகள் கேட்டார்கள். கறி ஹலால், அரிசி ஹலால். எரிபொருளின் குற்றத்தால் சோறு ஹராமாகிவிடாது. ஆனால் பிறர் பொருளை முறையின்றி உண்ணாதீர்கள் என்று பகரா சூராவின் 188ஆம் வசனம் தடுக்கும் வாசலருகே அச்செயல் நிற்கிறது. தாழ்ந்த விலை யாருக்காக வைக்கப்பட்டதோ, அவரிடமிருந்து எடுப்பது. அவர் நம் எதிரே நிற்காததால் எளிதாகத் தோன்றுகிறது. இவ்வாறு விளக்கியபோது, தந்தையர் சமையல் தொழிலில் இருக்கும் இரண்டு பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டனர். அவர்களை நோக்கிச் சொல்லவில்லை என்றாலும் எங்களுக்கு மனம் கனத்தது. ஒவ்வொரு அகீகாவுக்கும் பேரம் பேசிப் பேசிக் கூலியைக் குறைக்கும் நாமும் அந்தச் சிவப்புச் சிலிண்டரை அவர்கள் கையில் திணிக்கிறோம். நீலத்தின் விலையைச் சேர்த்துக் கூலி கேட்டால் "அடுத்த பண்டாரி குறைவாகச் செய்கிறார்" என்போம். இந்தப் பாவத்தில் விருந்து கொடுப்பவருக்கும் பங்கு இருக்கிறது என்பதே எங்கள் கருத்து. ஜமாஅத்தில் யாராவது இதைப் பேச வேண்டும்.

இறுதியில் தம்பியின் பெயரில் வணிக இணைப்பு எடுத்தோம். கூலியில் அதற்கென்று ஒரு தொகையைச் சேர்த்தார். இரண்டு வாடிக்கையாளர்கள் போனார்கள். எப்போதாவது மட்டும் தேவைப்படுவோர், அடையாள அட்டையைக் காட்டி 5 கிலோ சிலிண்டரைச் சந்தை விலையில் வாங்கிக்கொள்ளலாம். சில பெட்ரோல் நிலையங்களிலும் அது கிடைக்கும்.

அடுப்பு வந்ததில் நாங்கள் எதிர்பாராத மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. விறகடுப்பு இருந்தவரை அது பெண்களின் இடம். பர்னர் வந்ததும், ஏதோ இயந்திரம் என்று எண்ணியோ என்னவோ, வீட்டு ஆண்கள் சுற்றி வந்து நிற்கத் தொடங்கினர். நின்றவர்கள் கையில் உம்மா அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று அஸ்வத் கேட்டபோது, தம் வீட்டாரின் பணிவிடையில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்துசெல்வார்கள் என்று ஆயிஷா (ரலி) விடையளித்தது புகாரியில் உள்ளது. இந்த ஹதீஸை எத்தனையோ முறை ஓதியிருந்தும் எங்கள் வீட்டில் அது நடைமுறைக்கு வர ஓர் இரும்பு அடுப்பு தேவைப்பட்டது.

சென்ற விடுமுறையில் அமெரிக்காவிலிருந்து தங்கையின் மகன் வந்திருந்தார். டெக்ஸாஸில் வேலை. கொல்லையில் பர்னரைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "மாமா, இதுதான் அங்கே வான்கோழி பொரிக்கிற அடுப்பு! ஒரு வான்கோழி வாங்குங்க, முழுசா எண்ணெயில் பொரிச்சுக் காட்டுறேன்" என்றார்.

அந்நாட்டில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழனன்று நன்றி நவிலும் நாள் கொண்டாடுகிறார்கள். அன்று வான்கோழியை அவனில் சுடுவது வழக்கம். முழுப் பறவையையும் உயரமான பானையில் எண்ணெய் நிரப்பி, புரோப்பேன் அடுப்பின் மேல் வீட்டுக்கு வெளியே பொரிப்பது தெற்கே லூசியானாவில் தொடங்கிப் பரவிய பழக்கம். லூசியானா 1803இல் அமெரிக்காவுக்கு விற்கப்படும்வரை பிரெஞ்சுக்காரர் கைமாறிய மண். 1739 முதல் 1954 வரை அவர்கள் கையில் இருந்த காரைக்காலின் கொல்லைக்கு அங்கிருந்து ஒரு சமையல் வந்து சேர்வது வேடிக்கையாகத்தான் இருந்தது. வான்கோழி ஹலாலா என்று உம்மா கேட்டார்கள். நகத்தால் வேட்டையாடும் பறவையன்று. முறைப்படி அறுத்தால் தடையில்லை.

மருமகன் செய்முறையை விளக்கினார். முதலில் பறவையை வெறும் பானையில் வைத்து, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, பறவையை எடுத்தபின் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்த அளவுதான் எண்ணெய். பிறகு பறவையின் வயிற்றுக்குள்ளும் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். எண்ணெய் 175 பாகை செல்சியஸ் ஆனதும் அடுப்பை அணைத்துவிட்டு, கொக்கியில் மாட்டிய பறவையை மெல்ல இறக்கி, மீண்டும் பற்ற வைக்க வேண்டும். ஐந்து கிலோப் பறவைக்கு முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஏன் இத்தனை எச்சரிக்கை என்று கேட்டோம். அவரே நேர்மையாகச் சொன்னார். அங்கே ஆண்டுதோறும் இந்த அடுப்பால் வீடுகள் எரிகின்றன. அந்நாட்டுத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் இவ்வகைப் பொரிப்பையே வேண்டாம் என்கிறது. தண்ணீர் நீராவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரிகிறது. உறைபனி நீங்காத பறவையைக் கொதிக்கும் எண்ணெயில் இறக்கினால், ஒட்டியிருந்த பனி நொடியில் ஆவியாகி எண்ணெயைப் பானைக்கு மேலே தூக்கி எறியும். அது கீழே பர்னரில் வழிந்தால் பானை முழுவதும் தீப்பந்தம். அதைத் தண்ணீர் ஊற்றி அணைக்க முனைந்தால் இன்னும் கேடு. வாயுவை அடைத்து, இயலுமானால் மூடியால் மூடுவதே வழி.

கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு ஆர்வம் கூடியது, எங்களுக்குக் குறைந்தது. எங்கள் கொல்லை பன்னிரண்டடி அகலம். சிமெண்டுத் தரை கிணற்றடியை நோக்கிச் சரிவானது. மூன்று கால் அடுப்பில் சோற்றுத் தேக்சா சரிந்தாலே ஆபத்து, பத்து லிட்டருக்கு மேல் கொதிக்கும் எண்ணெயென்றால் சொல்லவே வேண்டாம். விடுமுறைக்கு வந்த பதினோரு பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றனர். உம்மாவோ வேறு கணக்குப் போட்டார்கள்: "ஒரு பறவைக்கு அம்புட்டு எண்ணெயா? இஸ்ராஃப் இல்லையா வாப்பா?" மீந்த எண்ணெயை வைத்துப் பிறகு பயன்படுத்தலாம் என்றார் மருமகன். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் வரம்பு வைத்திருக்கிறது; நிறம் கறுத்து நுரைக்கும் எண்ணெயை யாரும் சாப்பாட்டில் சேர்க்கக் கூடாது. ஒருமுறை பொரித்ததை வடிகட்டி வைக்கலாம்தான். ஆனால் கறி பொரித்த அவ்வளவு எண்ணெயை எதில் தீர்ப்பது?

ஆயிஷா (ரலி) அவர்கள் தம் சகோதரியின் மகன் உர்வாவிடம் சொன்ன செய்தி நினைவுக்கு வந்தது. இரண்டு மாதங்களில் மூன்று பிறைகளைக் கண்டும் நபியவர்களின் வீடுகளில் அடுப்பு மூட்டப்படவில்லை. பேரீச்சம்பழமும் தண்ணீருமே உணவு. அன்சாரி அண்டை வீட்டார் பால் கொடுத்தனுப்புவார்கள். இதை அன்று மருமகனிடம் சொல்லவில்லை. ஆசையோடு வந்த பிள்ளையை ஹதீஸால் அடிக்கக் கூடாது. வான்கோழி வாங்கினோம். முழுதாகப் பொரிக்காமல், துண்டாக்கி மசாலா தடவி அரை வேக்காடாக அவித்து ஆற வைத்து, ஈரம் துடைத்து, இரும்புச் சட்டியில் இரண்டு லிட்டர் எண்ணெயில் சிறிது சிறிதாகப் பொரித்தார் அவர். பிள்ளைகளைக் கொல்லைக் கதவுக்கு அப்பால் நிறுத்தினோம். ஐந்து ஸஹன்களைச் சுற்றி அமர்ந்து உண்டோம். அடுத்த வீட்டுப் பெரியவருக்கு எலும்பில்லாத துண்டுகளாகத் தனியே எடுத்து அனுப்பினார்கள் உம்மா. டெக்ஸாஸில் செய்ததைவிட இது நன்றாக இருக்கிறது என்று மருமகன் சொன்னார். மரியாதைக்குச் சொன்னாரா என்பதை ஆராயவில்லை.

இத்தகைய அடுப்பு வைத்திருப்போருக்குச் சில செய்திகள். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து சாக்கடையிலும் பள்ளத்திலும் தேங்கும். எனவே கிணற்றடியிலும் திறந்த வாய்க்காலருகிலும் சிலிண்டரை வைக்காதீர்கள். கடற்காற்றுக்கு மறைப்பாகத் தகரம் வைத்தால் சிலிண்டர் தகரத்துக்கு வெளியே நிற்கட்டும். பெரிய பர்னர் வாயுவை வேகமாக இழுப்பதால் சிலிண்டர் குளிர்ந்து வெளியே பனி பூக்கும், தீ தணியும். அப்போது சிலிண்டரை வெந்நீரில் நிறுத்துவதும் படுக்க வைப்பதும் நம் விருந்து வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது, இரண்டும் ஆபத்தானவை. படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாயில் வரும். சற்று நேரம் தணித்து வையுங்கள், அல்லது வேறு சிலிண்டருக்கு மாற்றுங்கள். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறம் ஆங்கில எழுத்தும் ஆண்டும் பொறித்திருக்கும்: ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். அந்தத் தவணை கடந்த சிலிண்டரை வாங்காதீர்கள். கசிவு என்றால் 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு அதிலிருந்தோரோடு எரிந்துபோன செய்தி நபியவர்களை எட்டியபோது, நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்கும்போது அணைத்துவிடுங்கள் என்று அறிவுறுத்தியதை அபூமூஸா (ரலி) அறிவிக்கிறார்கள். ஜாபிர் (ரலி) அறிவிப்பிலோ எலி வருகிறது: விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடலாம் என்ற எச்சரிக்கை. எண்ணெய் விளக்குக் காலத்துச் செய்தி என்று பிள்ளைகள் இதைக் கடந்துபோவார்கள். நம் டெல்டா வீடுகளில் அறுவடை முடிந்தால் வயல் எலிகள் கொல்லைக்கு வருகின்றன. எங்கள் பர்னரின் ரப்பர் குழாயில் பல் பதிந்திருந்ததைக் கண்டவன் மத்ரஸாவில் அந்த ஹதீஸை மனனம் செய்திருந்த எங்கள் இளைய மகன்தான். குழாயை அன்றே மாற்றினோம், உள்ளே கம்பி வலை பின்னிய வகையாக. அதையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இஷாவுக்குப் பின் சிலிண்டரின் வால்வை அடைத்து வருவது இப்போது அவன் பொறுப்பு. அடைத்துவிட்டு வந்து, "எலிக்கு வேலை இல்லை" என்று அறிவிப்பான்.

மதிலோரம் கிடக்கும் மூன்று கற்களை உம்மா இன்னும் எறிய விடவில்லை. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி இன்றும் விறகில்தான் காய்கிறது. வரும் ரமளானுக்கு அங்கும் பர்னர் வாங்கலாமா என்று நிர்வாகத்தார் தம்பியிடம் விசாரித்திருக்கிறார்கள். வாங்குவதென்றால் நீலச் சிலிண்டரோடுதான் வாங்க வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். செலவுக் கணக்கு அடுத்த கூட்டத்தில் பேசப்படும், இன்ஷா அல்லாஹ்.